பார்டர் கோலியா, கிரேஹவுண்டா: எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

கேள்வி:
அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நாங்கள் முதன்முறையாக நாய் வளர்க்க எண்ணியுள்ளோம். நான் நாள் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவன். என் மனைவி வாரத்தில் பாதி நாட்கள் வீட்டிலிருந்தே பணிபுரிகிறார். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடப்பது எங்கள் வழக்கம். ஐந்து வயது மகனும் ஒரு பூனையும் உண்டு. பார்டர் கோலி அளவில் சிறியது, சொன்னதை விரைவில் கற்றுக்கொள்ளும் என்பதால் எனக்கு அதன்மேல் விருப்பம். மனைவியோ கிரேஹவுண்டே வேண்டும் என்கிறார். மணிக்கு 70 கி.மீ. வேகத்தை எட்டக்கூடிய நாயை நான்கு சுவர்களுக்குள் வைத்திருப்பது கொடுமையாகாதா?

பதில் 1:
ஆகாது. கிரேஹவுண்டின் உடல் நெடுந்தூர ஓட்டத்துக்கானது அன்று; முயலைக் கண்டதும் சில நூறு மீட்டர் பாய்ந்து முடித்துவிடும் வேட்டைக்கானது. அதனால் வீட்டில் அது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் நடைப்பயிற்சியும், வேலியிட்ட திடலில் அவ்வப்போது ஒரு பாய்ச்சலும் கிடைத்தால் அதற்கு நிறைவுதான்.

பார்டர் கோலியோ இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளில், மேய்ப்பரின் சீழ்க்கைக்குச் செவிசாய்த்தபடியே, தானாகவும் முடிவெடுத்து நாளெல்லாம் மந்தையைத் திருப்புவதற்காக உருவாக்கப்பட்ட இனம். சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதாக 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உங்களைக் கவர்ந்த அந்த அறிவுக்கு நாள்தோறும் வேலை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அது தனக்கான வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், அது உங்களுக்குப் பிடித்ததாக இருக்காது.

பதில் 2:
நான் பார்டர் கோலி வளர்ப்பவள். மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நேரக் கணக்கை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. வெறும் ஓட்டத்தைக் கூட்டினால் நாயின் உடல்வலிமைதான் கூடுமே தவிர, மனம் அடங்காது. மோப்பம் பிடித்துப் பொருளைத் தேடுவது, தடைகளைத் தாண்டுவது, புதிய கட்டளைகளைக் கற்பது போன்றவற்றைச் சிறு சிறு பகுதிகளாகத் தினமும் செய்துவந்தால் அடுக்குமாடி வீட்டிலும் கோலி அமைதியாக வாழும். இந்தப் பயிற்சி உங்கள் பொழுதுபோக்காகவே மாற வேண்டும், கடமையாகச் செய்தால் நீடிக்காது. எனக்கு உங்கள் மகனைப் பற்றித்தான் கவலை. ஓடும் குழந்தையைச் சுற்றி வளைப்பதும், குதிகாலைக் கவ்வப் பார்ப்பதும் மேய்ப்பு நாயின் இயல்பு; அதைத் திருத்துவது முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கு எளிதன்று.

பதில் 3:
கிரேஹவுண்டை இவ்வளவு சுலபமானதாகக் காட்டுவது சரியல்ல. பார்வையால் வேட்டையாடும் இனம் அது. பூனை ஓடத் தொடங்கினால் கண்ணிமைப்பதற்குள் துரத்திவிடும். நாய்ப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளைத் தத்துக்கு அளிக்கும் அமைப்புகள் பல, அந்த நாய் பூனையுடன் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்தே சொல்லும். குட்டியைவிட அத்தகைய வளர்ந்த நாயே உங்களுக்குப் பாதுகாப்பான தேர்வு. வேலியில்லாத இடத்தில் ஒருபோதும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. அதன் தலை கழுத்தைவிடக் குறுகலானது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும்; இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையே பொருத்தம். உடலில் கொழுப்பும் உரோமமும் குறைவு, ஆகவே குளிரில் போர்வையும் எப்போதும் மெத்தையும் தேவைப்படும். சில மயக்க மருந்துகளின் விளைவு இவ்வினத்தில் நெடுநேரம் நீடிக்கும் என்பதையும் அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கிரேஹவுண்ட் உறங்கும்போது என் மகன் போய்க் கட்டிப்பிடித்தால் என்ன ஆகும்?

பதில் 3 எழுதியவர்:
திடுக்கிட்டு எழும் நாய் உறுமவோ கடிக்கவோ கூடும்; சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே உறங்குவதால் விழித்திருப்பதாகக் குழந்தை நினைத்துவிடும். படுக்கையை நடமாட்டமில்லாத மூலையில் போடுங்கள். அங்கே நாய் இருக்கும்போது நெருங்கக் கூடாது, தொலைவிலிருந்து பெயர் சொல்லி அழைத்து அது எழுந்து வந்தால் மட்டுமே தடவலாம் என்று மகனுக்கு, நாய் வருவதற்கு முன்பே பழக்கிவிடுங்கள். பழகிய பிறகும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.