சாம்சங்கை போனில் தூக்கிவிட்டது எது: தரமா, பாகங்களா?

செழியன்:
டிவி, ஃப்ரிட்ஜ் செய்துகொண்டிருந்த சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் 1988-லேயே எஸ்எச்-100 என்ற கைபேசியைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் கொரியாவில் அப்போது மோட்டோரோலா ராஜ்ஜியம். புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்த சாம்சங் போன்கள் வேலை செய்யவில்லை என்ற புகார் தலைவர் லீ குன்-ஹீ காதுக்குப் போனது. 1995 மார்ச்சில் கொரியாவின் குமி நகரில் உள்ள சாம்சங் ஆலை மைதானத்தில் சுமார் 2,000 ஊழியர்கள், ‘தரமே முதல்’ என்று எழுதிய பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கூடினார்கள். அவர்கள் செய்த போன், ஃபேக்ஸ் எல்லாவற்றையும் அவர்கள் கண்ணெதிரே சுத்தியலால் உடைத்துத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 1,50,000 கருவிகள்! அதே வருடம் சாம்சங்கின் எனிகால் வகை போன், கொரியாவில் மோட்டோரோலாவை முந்தியது. திருப்புமுனை அந்தத் தீதான்.

தாமரை:
உள்ளூரில் ஜெயித்ததற்கு அது காரணம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். உலகச் சந்தையில்? 2012-ல் நோக்கியாவைத் தாண்டினார்கள். நோக்கியா போனின் தரத்தில் குறை சொல்ல முடியுமா? வித்தியாசம் பாகங்களில்தான். 1983-லேயே 64கே டிராம் என்ற மெமரி சிப் செய்தவர்கள். 2010-ல் கேலக்ஸி எஸ் போன் வந்தபோது திரை, பிராசசர், மெமரி மூன்றும் சொந்தக் குழுமத்துச் சரக்கு.

செழியன்:
அப்படியானால் எல்ஜி? திரை, பேட்டரி, கேமரா எல்லாம் அவர்கள் குழுமத்திலும் இருந்தது. 2021-ல் போன் தொழிலையே மூடிவிட்டார்களே.

வேலன்:
இரண்டு பேரும் கேலக்ஸி எஸ்ஸை இயக்கிய கூகுளின் ஆண்ட்ராய்டை விட்டுவிட்டீர்கள். அதே 2010-ல் சாம்சங் வேவ் என்ற போனும் வந்தது. கேலக்ஸி எஸ்ஸில் இருந்த அதே வகைத் திரை, அதே ஹம்மிங்பேர்ட் பிராசசர் சிப். ஓஎஸ், அதாவது போனை இயக்கும் மென்பொருள் மட்டும் சாம்சங்கின் சொந்தமான படா. இன்று படா எங்கே?

தாமரை:
வேலன், நல்ல கேள்வி. ஆனால் ஆண்ட்ராய்டு தைவானின் எச்டிசி கம்பெனியிடமும் இருந்தது. அவர்களுடைய டிசையர் போனுக்கு சாம்சங்கின் அமோலெட் திரை போதுமான அளவு கிடைக்காமல், பாதியில் சோனியின் எல்சிடிக்கு மாறினார்கள். சாம்சங்குக்கு அந்த நிலை வரவில்லை. செழியன், எல்ஜியிடம் மெமரி இல்லை. 1999-லேயே அவர்கள் செமிகண்டக்டர் (சிப்) தொழில் ஹூண்டாய் கைக்குப் போய்விட்டது.

செழியன்:
சொந்தப் பாகமே காலை வாரியதும் உண்டு. 2016-ல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன் தீப்பிடித்தபோது முதலில் சிக்கியது அவர்கள் குழுமத்து சாம்சங் எஸ்டிஐ கம்பெனியின் பேட்டரி. மாற்றிக் கொடுத்ததில் வேறு கம்பெனி பேட்டரி, அதுவும் எரிந்தது. கடைசியில் அந்த மாடலையே நிறுத்தி, விற்றதை எல்லாம் திரும்ப வாங்கினார்கள். மறு வருடம் கேலக்ஸி எஸ்8 போனை மக்கள் நம்பி வாங்கினார்களே, அதை எந்தப் பாகத்தின் கணக்கில் சேர்ப்பீர்கள்?