லிங்கின் பார்க்கின் 2017 ஆல்பத்தை மேடையில் வாசிக்கலாமா?

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி)

வணக்கம். நானும் கல்லூரிக் கால நண்பர்களும் சேர்ந்து, அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் பாடல்களை மட்டும் வாசிக்கும் ஒரு மாலை நிகழ்ச்சியைச் சேலத்தில் நடத்த இருக்கிறோம். 'ஹைப்ரிட் தியரி' (2000), 'மெடியோரா' (2003) ஆகியவற்றிலிருந்து எவற்றை வாசிப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. சண்டையெல்லாம் 2017 மே மாதம் வெளிவந்த 'ஒன் மோர் லைட்' ஆல்பத்தைப் பற்றித்தான். "அது ராக் இசையே அல்ல, அந்தப் பாடல்களுக்கு நான் உட்கார மாட்டேன்" என்று எங்கள் டிரம்ஸ் கலைஞர் உறுதியாகச் சொல்லிவிட்டார். 2014இல் 'தி ஹண்டிங் பார்ட்டி'யை அவ்வளவு ஆவேசத்தோடு வாசித்தவர்கள், மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு மென்மையான பாப் இசைக்கு வந்தது அவருக்கு இன்றும் ஆறவில்லை. எனக்கோ அந்த ஆல்பத்தில் சில பாடல்கள் மிகவும் பிடிக்கும். பாப் பக்கம் சாய்ந்ததால் அந்தக் குழு உண்மையில் எதை இழந்தது என்பதைப் பழைய ரசிகர்கள் விளக்கினால், எங்கள் பட்டியலை முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

பதில் (சேலம், ஃபேர்லேண்ட்ஸ்)

தம்பி, நான் கிதார் சொல்லிக்கொடுப்பவன். உங்கள் டிரம்ஸ் நண்பரை 'ஹைப்ரிட் தியரி'யை இன்னொரு முறை பொறுமையாகக் கேட்கச் சொல்லுங்கள். 12 பாடல்கள், மொத்தம் 38 நிமிடங்களுக்கும் குறைவு. கிதாருக்கென்று நீண்ட தனி வாசிப்பு எதுவும் கிடையாது. மைக் ஷினோடா ராப்பில் சரணத்தைச் சொல்லிக்கொண்டே போவார். செஸ்டர் பென்னிங்டன் பல்லவியை எடுத்ததும் அரங்கமே சேர்ந்து பாடும். அந்தக் கட்டமைப்பு அன்றைக்கே பாப் பாடலின் கட்டமைப்புதான். 'இன் தி எண்ட்' பியானோவில்தானே தொடங்குகிறது?

இதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு. ஹார்ட் ராக் பிரிவில் 2002இல் கிராமி விருது பெற்ற 'க்ராலிங்' பாடலை, 2017 சுற்றுப்பயணத்தில் செஸ்டர் பியானோவின் துணையோடு மட்டும் பாடினார். கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை, அலறலும் இல்லை. இருந்தும் மெட்டு இம்மியும் தளரவில்லை. அதைக் கேட்ட பிறகு, அவர்கள் மெட்டுக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்ற புகாரை என்னால் ஏற்க முடியவில்லை.

மாறியது பாடலைக் கட்டும் முறை. முன்பெல்லாம் அவர்கள் இசையை முதலில் அமைத்துவிட்டு, அதன்மேல் சொற்களை ஏற்றுவார்கள். 'ஒன் மோர் லைட்' ஆல்பத்திலோ சொல்லும் மெட்டும் முதலில் பிறந்தன. வாத்தியங்கள் பிறகு வந்து சேர்ந்தன. மெட்டுக்குப் பாட்டெழுதுவதற்கும் பாட்டுக்கு மெட்டுப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு நம் திரையிசை கேட்டு வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த ஆல்பத்தில் கிதார் பின்னால் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பதில் (ஓமலூர்)

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு பாதிதான் உடன்படுகிறேன். பாப் வடிவம் முதலிலிருந்தே இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த வடிவத்துக்குள் ஒன்றோடொன்று மோதும் பொருள்கள் இருந்தன: சுருதியைத் தாழ்த்தி வாசிக்கும் தடித்த கிதார், ஜோ ஹான் இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் கீறல் ஒலி, ஒரு குரல் பேச இன்னொரு குரல் அலறுவது. அந்த மோதல்தான் பதினைந்து பதினாறு வயதில் எங்களைப் பிடித்து உட்கார வைத்தது.

கிதார் குறைந்ததற்காக நான் வருந்தவில்லை. 2010இல் வந்த 'எ தௌசண்ட் சன்ஸ்' ஆல்பத்திலும் கிதார் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது; அன்றும் பல ரசிகர்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் அதை வேறொரு குழு செய்திருக்க முடியாது. 'ஒன் மோர் லைட்' ஆல்பத்தின் 'ஹெவி' பாடலைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அன்றைய பாப் உலகில் பலருக்கும் எழுதிக்கொண்டிருந்த ஜூலியா மைக்கேல்ஸும் ஜஸ்டின் ட்ரான்டரும் அதன் ஆக்கத்தில் பங்கேற்றார்கள். பாடகி கியாரா உடன் பாடினார். வெளியாரோடு சேர்ந்து எழுதுவது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு வானொலியில் அடுத்தடுத்து வந்த பாடல்களுக்கு நடுவே இதை வைத்தால், செஸ்டரின் குரலைத் தவிர வேறு எந்த அடையாளமும் என் காதுக்குக் கிடைக்கவில்லை. ராப் போர்டன் போன்ற ஒரு டிரம்ஸ் கலைஞரை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்களே என்பதுதான் உங்கள் நண்பரின் வருத்தமாகவும் இருக்கும். அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில் (ஏற்காடு)

ஓமலூர் அண்ணா 'ஹெவி'யைப் பற்றிச் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு பாடலை வைத்து முழு ஆல்பத்தையும் தள்ளிவிட முடியாது. ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாடல், இசைத்தட்டு நிறுவனத்தில் அவர்களோடு பணியாற்றி மறைந்த ஒரு தோழியின் நினைவாக எழுதப்பட்டது. செஸ்டரின் நெருங்கிய நண்பரான ராக் பாடகர் கிறிஸ் கார்னெல் இறந்த 2017 மே 18 அன்று, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஹெவி'யை வாசிக்க இருந்தவர்கள், அதை விட்டுவிட்டு இந்தப் பாடலை அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். செஸ்டரின் தொண்டை அடைப்பதை அந்தப் பதிவில் தெளிவாகவே கேட்கலாம். கரகரப்பாக ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிதாரை அதன்மேல் ஏற்றியிருந்தால் அந்தக் குரல் அமுங்கிப் போயிருக்கும்.

அதே ஆண்டு ஜூலை 20 அன்று செஸ்டரும் மறைந்தார். அதன்பின் இந்த ஆல்பத்தைக் குறை சொன்னாலே பாவம் என்பது போல் சிலர் பேசத் தொடங்கினார்கள், அது சரியல்ல. துக்கத்துக்காக மதிப்பெண் கூட்டிப் போடுவது அவருடைய உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. இந்தப் பாடல் தன் பலத்திலேயே நிற்கிறது என்பதுதான் என் வாதம்.

இன்னொன்றையும் நீங்கள் கருத வேண்டும். என்னிடம் பாட்டுக் கற்க வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டது இந்தப் பாடலைத்தான். இதன் வழியாகத்தான் பின்னோக்கிப் போய் 'ஹைப்ரிட் தியரி'க்கு வந்து சேர்ந்தார்கள். குழுவின் புதிய பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடி 2024இல் வெளிவந்த 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பத்தின் வழியாகப் புதிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அரங்கில் இவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓமலூர் நண்பர் எழுதியதை எங்கள் டிரம்ஸ் கலைஞருக்குப் படித்துக் காட்டினேன். தன் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார் என்றார். 'ஹெவி'யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். 'ஒன் மோர் லைட்' பாடலை ஒரு கிதார், ஒரு கீபோர்டு, ஒரு குரல் என்று மட்டும் வைத்து வாசிக்கப் போகிறோம். அதற்கு அவரும் சம்மதித்துவிட்டார். 'க்ராலிங்' பாடலின் முதல் பல்லவியைப் பியானோவில் பாடிவிட்டு, இரண்டாவது முறை டிரம்ஸோடும் முழுக் கிதாரோடும் எடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. ஃபேர்லேண்ட்ஸ் ஐயா அனுமதித்தால், அந்த இடத்தில் கிதார் எப்படி நுழைய வேண்டும் என்று நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.