மெஸ்டாக் பனோரமாவுக்குள் நின்றவர்கள்: அனுபவப் பகிர்வு

நெய்தல்:
நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்து மெஸ்டாக் பனோரமா, நடு மேடையில் நிற்பவரைச் சுற்றி வட்டமாக விரியும் ஒரு பெரிய கடற்கரை ஓவியம்; வரைந்தவர் டச்சு ஓவியர் மெஸ்டாக். அதை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் இருட்டு நடைவழியையும் சுழற்படிகளையும் விவரிக்கவில்லை. நடு மேடையில் நின்ற எல்லோரும் கடலையே நோக்கியிருக்க, என் பார்வை மணலில் வெள்ளைக் குடையின் கீழ் அமர்ந்து படம் வரையும் ஒரு சிறிய பெண்ணுருவத்தில் பதிந்துவிட்டது. அவர்தாம் மெஸ்டாக்கின் மனைவி சீன்ச்சே ஃபான் ஹௌதன். 1871இல் ஒரே மகன் கிளாஸ் இறந்த பிறகே அவர் ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். பத்தாண்டுகள் கழித்து, சுமார் 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் கொண்ட இந்த ஓவியத்தில் ஸ்கெவெனிங்கன் மீனவ ஊரைத் தீட்டினார். எங்களுக்கு விளக்கம் அளித்தவர் சீன்ச்சேயின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கரைமணல்:
சீன்ச்சேயின் பெயரைச் சொல்லாமல் விட்டது தவறுதான். அதற்காக மெஸ்டாக் மனைவியின் உழைப்பை மறைத்தார் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. சீன்ச்சேயை ஓவியராகவே, தூரிகையும் கையுமாக அந்தக் கரையில் அமர்த்தியவர் மெஸ்டாக்தான். பிரைட்னர், தெ பொக், பிளொம்மர்ஸ் ஆகிய ஓவியர்களும் உடன் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடும்ப வங்கியில் வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதில் அதைத் துறந்து, 1870இல் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற மெஸ்டாக், பனோரமாவை நடத்திய நிறுவனம் 1886இல் நொடித்தபோது தம் பணத்தைக் கொடுத்து ஓவியத்தை வாங்கியிராவிட்டால் இன்று நாம் வாதாட அந்தக் குடையே எஞ்சியிருக்காது.
என்னை நிறுத்தியவை மணலில் ஏறி நிற்கும் படகுகள். அவ்வூரில் அப்போது துறைமுகம் கிடையாது; ஆகவே அடி தட்டையான அந்தக் கனத்த மரப்படகுகளைக் கரையிலேயே இழுத்து நிறுத்துவார்கள். 1894 டிசம்பர்ப் புயல் கரையில் நின்ற படகுகளைச் சிதைத்தது. 1904இல் துறைமுகம் வந்தது. படத்தில் அவற்றின் அருகே நிற்பவர்கள் எவருக்கும் அந்தப் புயல் தெரியாது என்ற எண்ணம் வந்ததும் அந்த இடத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை.

வடகாற்று:
நான் நின்றிருந்தபோது வெளியே மேகம் கடந்தது. ஓவியக் கடல் கண்ணெதிரே கறுத்து, மீண்டும் வெளுத்தது. அவ்வளவுதான் என் அனுபவம்.
இனிப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். வெளிச்சம் கண்ணாடிக் கூரை வழியே வருவதால், வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நாளையே தேர்ந்தெடுங்கள். மேடையை ஒருமுறை சுற்றிவிட்டு இறங்கிவிடாமல், மேடையைச் சுற்றிப் பரப்பியுள்ள உண்மையான மணல் முடிந்து தீட்டிய மணல் தொடங்கும் கோட்டைத் தேடிப் பாருங்கள். மெஸ்டாக் ஸ்கெவெனிங்கன் மணற்குன்று ஒன்றில் கண்ணாடி உருளைக்குள் நின்று, சுற்றிலும் தெரிந்த காட்சியை அந்தக் கண்ணாடிமேலேயே வரைந்து பிறகு பெரிதாக்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தொடுவானம் ஏன் எந்தப் பக்கமும் பிசகாமல் நிற்கிறது என்பது விளங்கும். அவர் நின்ற மணற்குன்று இப்போது இல்லை. எனவே ஸ்கெவெனிங்கன் கரைக்குப் போய் அந்தக் கோணத்தைத் தேடி அலைய வேண்டாம். அந்த நேரத்தில், அவர் தம் வீட்டை ஒட்டிக் கட்டி 1903இல் அரசுக்கு வழங்கிய அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம்.