மறு: அல்-ஜப்ருக்கு ‘இடமாற்றம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலைப் பற்றிய என் கட்டுரைக்காக, சமன்பாட்டைச் சீராக்க அவர் சொல்லும் அல்-ஜப்ர், முகாபலா என்ற இரண்டு செயல்களுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

> அல்-ஜப்ர் என்பதற்கு ‘இடமாற்றம்’ என்றே போட்டுவிடலாமே. பள்ளியில் பழகிய சொல்தானே?

ஐயா, பழகிய சொல் என்பதால்தான் தயங்குகிறேன். “அந்தப் பக்கம் போனால் மைனஸ் பிளஸ் ஆகிவிடும்” என்று படித்த பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள், திருதிருவென்று முழிக்கும். சமன்பாட்டில் எதுவும் இடம் மாறுவதில்லை. (இடமாற்றம் என்றாலே எனக்கு அரசாணை நினைவு வேறு வந்து தொலைக்கிறது.)

அல்-குவாரிஸ்மி 820 வாக்கில் பாக்தாதில் அந்த நூலை எழுதியபோது அதில் x போன்ற குறியீடே கிடையாது. எண்களைக்கூடச் சொற்களால்தான் எழுதினார். இத்தனைக்கும் இந்திய எண்முறைக்கென்றே தனி நூல் எழுதியவர். அதன் இலத்தீன் வடிவம் பரவித்தான் அவர் பெயரே ‘அல்காரிதம்’ ஆனது. அவருடைய கணக்கு ஒன்று (‘பொருள்’ என்பது தெரியாத எண், ‘வர்க்கம்’ அதை அதனாலேயே பெருக்கியது): ஒரு வர்க்கம், நாற்பது பொருளில் நான்கு வர்க்கம் குறைந்ததற்குச் சமம். ஒரு பக்கம் நான்கு வர்க்கம் குறைபட்டுக் கிடக்கிறது. அதை நிரப்புகிறார்; அதே நான்கை மறுபக்கமும் சேர்க்கிறார். இப்போது ஐந்து வர்க்கம், நாற்பது பொருளுக்குச் சமம். பொருள் 8.

இந்த நிரப்பலுக்குத்தான் ஜப்ர் என்று பெயர். ஒடிந்த எலும்பைச் சேர்த்துவைப்பதற்கும் அரபியில் அதே சொல்தான். ஸ்பெயினில் எலும்பு வைத்தியரையே ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றார்கள்.

என் பரிந்துரை: ஈடுகட்டல். நட்டத்தை ஈடுகட்டுவது கடைத்தெருப் பேச்சு, யாருக்கும் விளக்க வேண்டாம். முறிவுக்குப் போடும் கட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முகாபலாவில்தான் இடறுகிறேன். ஐம்பதும் ஒரு வர்க்கமும் சேர்ந்து, இருபத்தொன்பதும் பத்துப் பொருளும் சேர்ந்ததற்குச் சமம் என்றால், இரு பக்கமும் 29ஐ எடுத்துவிட்டு 21ஐ மட்டும் வைத்துக்கொள்கிறார். எதிரெதிரே நிறுத்திக் கழிப்பது. ‘நேர்கழித்தல்’ என்று குறித்திருக்கிறேன், முழு நிறைவில்லை. ‘தட்டிக்கழித்தல்’ என்றால் சிரிப்பார்கள்.

> தெரியாத எண்ணைப் ‘பொருள்’ என்பது குழப்பாதா?

குழப்பும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அவர் தெரியாத எண்ணை ‘ஷய்’ என்கிறார், அதாவது பொருள். வர்க்கத்தை ‘மால்’ என்கிறார், அதாவது செல்வம். தமிழில் இரண்டுமே பொருள்! அதனால் ஷய்க்குப் பொருளை வைத்துக்கொண்டு, மாலை வர்க்கம் என்றே விட்டுவிட்டேன். இத்தாலியர்களும் ஷய்யை ‘கோசா’ என்று அப்படியே பெயர்த்துக்கொண்டவர்கள்தாம்.

துறையின் பெயரில் கைவைக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இயற்கணிதம், இலங்கையில் அட்சரகணிதம், இரண்டும் வேர்விட்டவை. எழுத்துக் குறியே இல்லாமல் அவர் செய்ததற்கு ‘அட்சர’கணிதம் என்று பெயர் அமைந்ததுதான் வேடிக்கை.

நேர்கழித்தலைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். கட்டுரையை அதுவரை பிடித்துவைத்திருக்கிறேன்.