இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களே, குழந்தையின் தடுப்பூசிக் கணக்கை ஜிபி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டீர்களா?

லண்டனில் ஒரு ஜிபி சர்ஜரியில் (குடும்ப டாக்டர் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நர்ஸாக இருக்கிறேன், குழந்தைகள் தடுப்பூசி கிளினிக் என் பொறுப்பு. புதிதாக வரும் நம் குடும்பங்கள் வீடு, பேங்க் அக்கவுண்ட், பள்ளி இடம் என்று அலைகிற அலைச்சலில் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். கேட்டால் "அங்கேயே எல்லாம் போட்டாச்சு சிஸ்டர்" என்பார்கள். போட்டிருப்பார்கள்தான், ஆனால் இங்கே யாருக்கும் அது தெரியாதே!

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி, வராத பிள்ளையைத் தேடி கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து நிற்பார். இங்கே பட்டியல்தான் தேடும். ஜிபியில் பதிவானதும் குழந்தையின் விவரம் அந்தப் பகுதியின் குழந்தை நலப் பதிவு அலுவலகத்துக்குப் போகும், எந்த ஊசி பாக்கி என்று பார்த்து அங்கிருந்தோ சர்ஜரியிலிருந்தோ கடிதமோ மெசேஜோ வரும். அந்தப் பட்டியல் சரியாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு டோஸும் தேதியோடு கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஊரில் கொடுத்த தடுப்பூசி அட்டையை ரிசப்ஷனில் ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது ஃபைலில் ஒரு படமாகக் கிடக்கும், அவ்வளவுதான். பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருக்க வேண்டாம். இங்கிலாந்தில் தடுப்பூசி கட்டாயமில்லை, போடாவிட்டாலும் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்.

அதனால் வந்த வாரமே ஜிபியில் பதியுங்கள். முகவரிச் சான்று, விசா இரண்டுமே பதிவுக்குக் கட்டாயமில்லை, ஊசிக்குக் காசும் இல்லை. அப்புறம் "வெளிநாட்டுத் தடுப்பூசி விவரத்தைப் பதிவு செய்ய நர்ஸ் அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

வருவதற்கு முன் ஒரு தாளில் ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள்: ஊசியின் பெயர், போட்ட தேதி, எத்தனையாவது டோஸ். அசல் அட்டையும் கையில் இருக்கட்டும். ஊரில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான ஊசியில் போலியோ கிடையாது, அதனால் போலியோ சொட்டு மருந்தையும் ஊசியையும் தனி வரிகளில் எழுதுங்கள். அட்டையே இல்லை, ஞாபகமும் இல்லை என்றால் போடாத பிள்ளையாகக் கருதித்தான் முதலிலிருந்து திட்டமிடுவோம். ஊரில் பாட்டி வீட்டு பீரோவில் அட்டை இருந்தால் உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதிகம் வாக்குவாதம் வருவது தட்டம்மை ஊசியில். இந்தியாவிலும் இலங்கையிலும் முதல் டோஸை 9 மாதத்தில் போடுகிறார்கள். இங்கே முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த வயதில் இன்னும் மிச்சமிருந்தால் ஊசி முழுசாகப் பிடிக்காமல் போகலாம். ஊரில் போட்டது தவறில்லை, சின்னக் குழந்தைக்குத் தட்டம்மை வரும் ஆபத்து அங்கே அதிகம் என்பதால் முன்கூட்டியே போடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பிள்ளைக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) 9 மாதத்திலும் 3 வயதிலும் போட்டிருப்பார்கள், அதில் ஒன்றுதான் இங்கே செல்லும், இன்னொன்று போட வேண்டும். இந்திய அரசு மருத்துவமனைகளில் போடுவது எம்ஆர், அதில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் அந்தப் பிள்ளைகளுக்கும் இங்கே எம்எம்ஆர் போடுவோம். அப்பாக்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, எம்எம்ஆர் ஒரு டோஸ் கூடுதலாகப் போனாலும் கெடுதல் இல்லை. 2024-இல் இங்கிலாந்தில் 2,900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தட்டம்மை உறுதியானது, அதில் பெரும்பாலோர் குழந்தைகள். இதில் மட்டும் தயவுசெய்து சலுகை கேட்காதீர்கள்.

எல்லா ஊசியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் முதல் டோஸை 15 வாரத்துக்குள் தொடங்காவிட்டால் அப்புறம் தர மாட்டோம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ரிசப்ஷனில் இதைச் சொல்லி அவசரப்படுத்தலாம், தப்பே இல்லை.

இங்கே பிறக்கும் குழந்தைக்கு 8, 12, 16 வாரம், 1 வயது, 18 மாதம், 3 வயது 4 மாதம் என்று வரும். 2025 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் அட்டவணை மாறியிருக்கிறது, சின்னம்மைத் தடுப்பூசியும் இப்போது எம்எம்ஆரோடு சேர்ந்தே வருகிறது, ஆகவே பக்கத்து வீட்டு மூத்த பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தை (இங்கே குழந்தைக்குக் கொடுக்கும் உடல்நலப் பதிவேடு) பார்த்து முடிவு செய்யாதீர்கள். 8 வார அப்பாயின்ட்மென்ட்டில் இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு மருந்து. மெனிஞ்சைட்டிஸ் பி (மூளைக்காய்ச்சல்) ஊசியால் அன்று காய்ச்சல் வருவது சகஜம், குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்பை முதல் நாளே வாங்கி வையுங்கள், அளவை நர்ஸ் சொல்வார்.

காசநோய்க்கான பிசிஜி ஊசியைப் பெரும்பாலும் ஜிபியில் போட மாட்டார்கள், தனி கிளினிக்குக்குப் போக வேண்டும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் என்றால் உங்கள் குழந்தைக்கு அது உண்டு. 28 நாள் ஆனதும் அழைப்பு வர வேண்டும், வராவிட்டால் ஹெல்த் விசிட்டரை (சின்னக் குழந்தை உள்ள குடும்பங்களைக் கவனிக்கும் நர்ஸ்) கேளுங்கள்.

வேலை நாளில் தாத்தா பாட்டி கூட்டி வரலாம், பெற்றோர் சம்மதத்தை முன்பே சர்ஜரிக்குத் தெரிவித்திருந்தால் போதும். மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது, வேண்டாம் என்பவர்கள் ஊசி கேட்கலாம். ஆறு மாதம் தாண்டிய குழந்தையோடு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் எம்எம்ஆரை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள், அந்த டோஸும் கணக்கில் சேராது, ஆனால் பயணத்துக்குப் பாதுகாப்பு. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது, அங்கே ஊசி ஹெல்த் போர்டு (வட்டார அரசு சுகாதார அமைப்பு) கிளினிக்கில்.

அட்டையில் ஏதாவது வரி புரியாவிட்டால் குழந்தையின் பெயர், பிறந்த தேதி இல்லாமல் கீழே தட்டிவிடுங்கள், ராத்திரி வேலை முடிந்து வந்து பதில் போடுகிறேன்.