அலுவலக விபிஎன் இணைப்பில் ரயில் முன்பதிவுத் தளம் திறக்கவில்லை: உதவி தேவை

திருநகர்வாசி:
வணக்கம். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கிறேன். அலுவலக வலையமைப்புக்குள் போக உதவும் விபிஎன்னை இணைத்தால் ரயில் முன்பதிவுத் தளம் திறப்பதில்லை. துண்டித்தால் உடனே திறக்கிறது. நாளைக் காலை 11 மணிக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கல் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பைத் துண்டிக்க இயலாது. இன்காக்னிட்டோவிலும் பார்த்துவிட்டேன். வழி இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மடிக்கணினி தங்களுடையதா, நிறுவனம் கொடுத்ததா? மற்ற தளங்கள் திறக்கின்றனவா? திரையில் என்ன பிழைச்செய்தி வருகிறது?

ஆனையூரான்:
தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியை (ஐபி) தேடித் தரும் டிஎன்எஸ்தான் காரணம். அதைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிவிடுங்கள்; எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

நெறிவலை:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. ஃபுல் டனல் என்ற விபிஎன் முறையில் உங்கள் கணினியின் இணையப் போக்குவரத்து முழுவதும் நிறுவனத்தின் கேட்வே (வெளிவாசல் சர்வர்) வழியாகவே வெளியேறும். அது வெளிநாட்டில் இருந்தால், நீங்கள் மதுரையில் அமர்ந்திருந்தாலும் எதிர்முனைத் தளத்துக்கு வெளிநாட்டு ஐபி முகவரியே தெரியும். அத்தகைய முகவரிகளை ஏற்காத இந்தியத் தளங்கள் உண்டு. இன்காக்னிட்டோ கணினியில் வரலாற்றைச் சேமிக்காதே தவிர, பாதையை மாற்றாது. டிஎன்எஸ்ஸும் மாற்றாது.

ஆனையூரான்:
பாதை மாறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுவனத்தின் டிஎன்எஸ் சில தளப் பெயர்களுக்கு விடையே தராமல் தடுப்பதும் உண்டு. பிழைச்செய்தியைப் பார்க்காமல் எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

திருநகர்வாசி:
மடிக்கணினி நிறுவனத்துடையது. 403, அதாவது அனுமதி மறுப்பு, என்று வருகிறது. ஐபி முகவரியைச் சோதித்தால் ஃபிராங்க்ஃபர்ட் என்று காட்டுகிறது.

நெறிவலை:
403 வந்துவிட்டது என்றால் பெயருக்கு விடை கிடைத்து, அதன் பிறகே யாரோ மறுத்திருக்கிறார்கள். டிஎன்எஸ் வாதம் முடிந்தது.

தல்லாகுளத்தார்:
அதைவிட, நிறுவன மடிக்கணினியில் பணம் செலுத்த வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது சரியா? எல்லாம் அவர்கள் கண்ணில் படுமே.

நெறிவலை:
எச்டிடிபிஎஸ் மறையாக்கம் இருக்கையில் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளடக்கம் தெரியாது.

தல்லாகுளத்தார்:
தான் வழங்கும் சான்றிதழ்களை உலாவி நம்பும்படி நிறுவனம் தன் ரூட் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருந்தால், நடுவில் பிரித்துப் படித்துவிட்டு மீண்டும் மறையாக்கம் செய்து அனுப்ப முடியும். தளத்தின் சான்றிதழை வழங்கியது யார் என்று உலாவியிலேயே பார்க்கலாம். அங்கே நிறுவனத்தின் பெயர் இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

நெறிவலை:
வங்கித் தளங்களுக்குப் பொதுவாக விலக்கு அளிப்பார்கள்.

தல்லாகுளத்தார்:
இவருடைய நிறுவனம் அளித்திருக்கிறது என்று தங்களுக்கு எப்படித் தெரியும்?

வைகைக்கரை:
இந்த வழக்கு நாளை 11 மணிக்குள் தீராது. திருநகர்வாசி, விபிஎன் அந்த மடிக்கணினியோடு நிற்பது. அதே வைஃபையில் இருக்கும் உங்கள் கைப்பேசி அதற்குள் போகாது. டிக்கெட்டையும் பணத்தையும் கைப்பேசியிலேயே முடியுங்கள். நிறுவனத்துக்கான போக்குவரத்தை மட்டும் விபிஎன்னில் அனுப்பும் ஸ்பிளிட் டனல் வேண்டுமென்றால் ஐடி பிரிவிடம் கேளுங்கள். எந்தப் போக்குவரத்து எவ்வழி போகும் என்று தீர்மானிக்கும் ரூட்டிங் அட்டவணையில் நீங்களாகக் கைவைத்தால் விதிமீறல் என்று விளக்கம் கேட்பார்கள்.

திருநகர்வாசி:
கைப்பேசியில் திறந்தது. வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது. நன்றி.

ஆனையூரான்:
கைப்பேசியில் எந்த டிஎன்எஸ் வைத்திருக்கிறீர்கள்?