கட்டுப்பாட்டாளர் வாய் தவறினால் குற்றவாளியா?

பீனிக்ஸ்வாசி, டர்பன்

2001 ஜனவரி 31. ஜப்பானின் யாய்சு நகருக்கு மேலே ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற எண்கள் கொண்ட இரண்டு விமானங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. 958-ஐக் கீழே இறக்க எண்ணிய, பயிற்சியில் இருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 907-ஐ இறங்கச் சொன்னார். திருத்த முயன்ற மேற்பார்வையாளர் 957 என்று அழைத்தார். அப்படியொரு விமானமே அங்கே இல்லை. 907-இன் மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொன்னது. விமானியோ கட்டுப்பாட்டாளரை நம்பி இறங்கினார். 958-உம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. கடைசி நொடிகளில் 907 இன்னும் செங்குத்தாகப் பாய்ந்து மற்றதன் அடியில் புகுந்ததால் இரண்டிலும் இருந்த 677 பேரும் பிழைத்தார்கள். நூறு பேருக்குக் காயம், அவர்களில் ஒன்பது பேருக்குக் கடுமையான காயம். 2010-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டாளர், மேற்பார்வையாளர் இருவரையும் குற்றவாளிகள் என்று உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்கிறேன். கவனக்குறைவால் ஆளை இடித்த பஸ் ஓட்டுநர் நீதிமன்றத்தில் நிற்கிறார். விமானங்களுக்கு வழி சொல்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு? என் பிள்ளைகள் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அடிக்கடி பறக்கிறார்கள். அவர்களுக்காகவே கேட்கிறேன்.

இசிப்பிங்கோ முதியவர்

தம்பி, பழைய லூயி போத்தா விமான நிலையம் 2010-இல் மூடப்படும்வரை அங்கே வானொலிக் கருவிகளைப் பராமரித்தவன் நான். கட்டுப்பாட்டாளர்களின் குரலைக் கேட்டே காலம் கழித்தேன்.

உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது. பயிற்சியில் இருந்தவர் ஒரு எண்ணைத் தவறாகச் சொன்னார். அவரைத் திருத்த வந்த அனுபவசாலி இன்னொரு எண்ணைத் தவறாகச் சொன்னார். அருகருகே இருந்த இருவருக்கும் அடுத்தடுத்து நாக்குப் புரண்டது என்றால் இது மனிதனின் ஒழுக்கக் குறை அல்ல, இயல்பு. ஒரே நிறுவனத்தின் 907-உம் 958-உம் ஒரே வானொலி அலைவரிசையில் இருந்தால் என்றாவது நடந்தே தீரும். சிறைக்குப் பயந்து நாக்கு திருந்தாது. எண்களைக் குழப்பமில்லாமல் அமைத்தால் திருந்தும்.

இன்னொன்று. கட்டுப்பாட்டாளர் ஒன்றும் கருவி வேறொன்றும் சொன்னால் விமானி யாரைக் கேட்பது? உலகம் முழுவதற்கும் தெளிவான ஒரே விதி அன்று இல்லை. பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபெர்லிங்கனுக்கு மேலே அதே முரண்பாடு வந்தது. ரஷ்ய விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது, சரக்கு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகுதான் கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது.

பீனிக்ஸ்வாசி, டர்பன்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "விசாரணை பாதுகாப்புக்காக மட்டும், பழி சுமத்த அல்ல" என்று விமானத் துறையில் சொல்லப்படும் பேச்சை நம் தென்னாப்பிரிக்காவில் என்னால் நம்ப முடியவில்லை. 1987 நவம்பர் 28-இல் தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் ஹெல்டர்பெர்க் விமானம் நடுவானில் தீப்பிடித்து மொரிஷியஸ் அருகே கடலில் விழுந்து 159 பேர் இறந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் வானொலி நிலையத்தின் அன்றைய ஒலிநாடா காணாமல் போனது. தீ எதனால் மூண்டது என்பதற்குக் குடும்பங்களுக்கு இன்றுவரை முழுப் பதில் இல்லை. தண்டனைக்குப் பயம் இல்லாத இடத்தில் நாடாக்கள் தொலையும்.

லெனேசியா வழக்கறிஞர்

ஹெல்டர்பெர்க்கையும் யாய்சுவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், அண்ணா. ஒன்றில் ஆதாரம் காணாமல் போனது. மற்றதில் நடந்த ஒவ்வொரு சொல்லும் பதிவில் இருந்தது. ஆதாரத்தை மறைத்தவரைத் தண்டிப்பதற்கு நான் முழு ஆதரவு.

உபெர்லிங்கனை இன்னும் கொஞ்சம் பாருங்கள். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் அன்றிரவு ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டார். சகா ஓய்வுக்குப் போயிருந்தார், நிர்வாகம் அந்த வழக்கத்தைப் பொறுத்துவந்தது. முதன்மைத் தொலைபேசி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் ஆபத்தைத் திரையில் கண்டு அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது சூரிச் மையத்தை நடத்திய நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரை. ஆனால் கட்டுப்பாட்டாளரை, அதற்கு மூன்று ஆண்டு முன்பே, மனைவி மக்களை இழந்த ஒரு தந்தை குத்திக் கொன்றுவிட்டார். எல்லாக் கோபமும் மைக் பிடித்தவர் மேல் திரும்பியதன் விளைவு அது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இங்கே நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஏ.டி.என்.எஸ். பற்றிய செய்திகளை எல்லோரும் படிக்கிறோம். கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை, 2024-இல் பல விமான நிலையங்களில் கருவிவழித் தரையிறங்கும் நடைமுறைகளே நிறுத்திவைக்கப்பட்டன. நாளை அங்கே ஒருவர் தவறினால் வழக்கு அவர்மேலா, ஆள் எடுக்காதவர்மேலா?

பீனிக்ஸ்வாசி, டர்பன்

இருவர்மேலும். மேலாளரைத் தண்டியுங்கள், மறுக்கவில்லை. ஜப்பானில் அந்த இருவரும் சிறைக்குப் போகவும் இல்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. குற்றம் நடந்தது என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்தது, அவ்வளவுதான். காயம்பட்டவர்களுக்கு அதுகூட இல்லை என்றால் எப்படி?

இசிப்பிங்கோ முதியவர்

இழப்பீடு வேண்டும், உண்மை முழுதும் வெளிவர வேண்டும். இதில் நமக்குள் சண்டை இல்லை. நான் அஞ்சுவது வேறு. மோதலாகாமல் தப்பிய சம்பவங்களில் பல, தவறியவரே எழுதித் தருவதால்தான் தெரியவருகின்றன. ஒரு வரி எழுதினால் காவல்துறை வாசலில் நிற்கும் என்றால் எந்த இளைஞர் எழுதுவார்? 1976-இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் அருகே 176 பேர் இறந்த விமான மோதலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டாளரைச் சிறையில் அடைத்தார்கள். அவர் விடுதலையாகப் போராடியவர்கள் சக கட்டுப்பாட்டாளர்கள். அவர் இருந்த இடத்தில் தாங்களும் இருந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

லெனேசியா வழக்கறிஞர்

அப்படியானால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பேசுவோம். தானாக எழுதித் தரும் அறிக்கையை வழக்கில் சாட்சியமாக்கக் கூடாது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர், பதிவை அழித்தவர், எச்சரித்தும் ஆள் போடாத மேலாளர் ஆகியோருக்கு விலக்கு இல்லை. பீனிக்ஸ் அண்ணா, இதில் உங்களுக்கு எது ஏற்பில்லை?

பீனிக்ஸ்வாசி, டர்பன்

முதலாவது. அறிக்கை எழுதிவிட்டால் மன்னிப்பு என்பதை, ஆள் இறந்த வழக்கில் நான் ஏற்கமாட்டேன். மற்றவற்றுக்கு என் கையெழுத்து உண்டு.